மூணு வீட்டுப் பாட்டு

இடது கை மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வலது கையின் சுட்டுவிரல் கீபோர்டின் நீளக் கட்டைமேல் காத்திருந்தது. பாட்டு வரி தொடங்கியதும் ஒரு தட்டு. வரி முடிந்து, தபேலா இன்னும் ஓர் அடி அடித்து ஓயும் இடத்தில் இன்னொரு தட்டு. திரையின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று முளைத்து நின்றது. கை திருப்தியடையவில்லை. அதே ஆறு விநாடியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டது. மறுபடி தட்டு, தட்டு. கோடு இம்முறை ஒரு மயிரிழை நீளம். அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, விரல்கள் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கத் தொடங்கின.

திரையில் ஒரு தாய் ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். மணலில் மூன்று கட்டங்களைக் கீறி, நடுக்கட்டத்தைத் தொட்டுக் காட்டிப் பாடினாள்: "ஆத்தோரம் மூணு வீடு, நடுவீடு நம்ம வீடு."

வரி முடிந்தது. சேமிக்கும் பொத்தானை விரல் அழுத்தியது. சிவப்புக் கட்டம் ஒன்று எழுந்து நின்றது. இது பாடல் பகுதி, பூட்டப்பட்டுள்ளது, எதையும் சேர்க்க அனுமதி இல்லை.

காலையிலிருந்து அது மூன்றாவது சிவப்புக் கட்டம்.

"பூட்டிட்டானாம்," என்றார் மாசிலாமணி. கேட்பதற்கு வீட்டில் யாருமில்லை. "பாட்டைப் போய்ப் பூட்டுவானா ஒருத்தன்?"

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தெட்டு. குவீன்ஸ்டவுனில் பதினோராவது மாடி வீட்டில், துணி காயும் கம்புகளைப் பார்த்தபடி போட்ட மேசையில், தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவர். இந்த வேலைக்கு அவர் எங்கும் போய்ப் படித்ததில்லை. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்து வந்த கையோடு டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு வீடியோ கடையில் சேர்ந்தார். கேசட் வாடகைக்கு விடும் கடை. தமிழர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்துக் கடை திறந்த முதலாளிக்கே ஆச்சரியம், பாதிக் கூட்டம் வேறு ஆட்கள். தேக்கா சந்தையில் மீன் விற்ற சீனப் பெண்மணி வாரம் மூன்று படம் எடுப்பாள். மலாய்க்கார பஸ் டிரைவர் ஒருவர் சண்டைக்காக எடுத்துப்போய், அம்மா செண்டிமென்டில் அழுதுவிட்டு வருவார். ஒரே படத்தில் சண்டை, சிரிப்பு, கண்ணீர், சாமி, ஆட்டம் எல்லாம் இருந்ததால் அவரவருக்கு வேண்டியது அவரவருக்குக் கிடைத்தது. ஆனால் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்தப் பாட்டில் அவன் என்ன சொன்னான், அவள் ஏன் உடனே கிளம்பிப் போனாள்?

கவுண்டரில் நின்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மாசிலாமணி எழுத ஆரம்பித்தார். பள்ளிக்கூட நோட்டில், எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி, தாளைக் கிழித்து மடித்து கேசட் பெட்டிக்குள் வைத்தார். தாளைப் படித்துவிட்டு நிமிர்வதற்குள் காட்சி ஓடிவிடுகிறது என்று மீன்காரி திட்டினாள். அவர் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினார். ஒரு விநாடியில் மனிதக் கண் எத்தனை எழுத்தைத் தின்னும் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் படிக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார். பதினேழு என்று வந்தது. பிற்காலத்தில் பெரிய நிறுவனங்களின் விதிப்புத்தகத்தைப் பார்த்தபோது அங்கேயும் பதினேழுதான் போட்டிருந்தது. அன்று வைதேகியிடம் அதை நான்கு முறை சொன்னார்.

வைதேகி அவர் மனைவி. பிடோக்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை. நாலாவது முறை சொன்னபோது, "பதினேழுதானே, விளங்கிடுச்சு, சாப்பிட வாங்க," என்றாள்.

வீடியோ கடை மூடி ரொம்ப வருடமாயிற்று. அந்தத் தாள்களைப் பார்த்த ஒரு விசிடி விநியோகஸ்தர் வேலை கொடுத்தார். அதிலிருந்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். இப்போது புக்கிட் மேராவில் ஒரு நிறுவனம். திங்கட்கிழமை காலை அங்கிருந்து வந்த வேலையின் எண் 4417. நகரத்தில் ஒரு கலையரங்கில் உலக இசைப்படங்களின் வரிசை நடக்கிறது. அதில் ஒரு மாலை நம்முடைய பழைய தமிழ்ப் படம். வெள்ளி மதியத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வரைவை இப்போதெல்லாம் மெஷினே எழுதிவிடுகிறது. அவர் திருத்தினால் போதும் என்பது ஏற்பாடு. வசனங்களை மெஷின் ஒருமாதிரி செய்திருந்தது, திட்டித் திட்டித் திருத்திவிடலாம். ஆனால் பாட்டு வந்த இடத்தில் எல்லாம் ஒரே ஓர் இசைக்குறியைப் போட்டுவிட்டு அது கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அவர் அருண்ராஜை ஃபோனில் கூப்பிட்டார். அருண்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து வேலை அனுமதியில் வந்து இரண்டு வருடமான பையன். அந்த நிறுவனத்திலிருந்து அவருக்கு வேலை அனுப்புகிறவன்.

"சொல்லுங்ணா."

"தம்பி, பாட்டையெல்லாம் பூட்டி வச்சிருக்கீங்களே, என்ன விஷயம்?"

"அது டெம்ப்ளேட்டுங்ணா. பாட்டுக்கு சப்டைட்டில் வேண்டாம்னு க்ளையன்ட் ஷீட்லயே இருக்குது. மெஷின் சிம்பல் போட்டிருக்கும் பாருங்க, அப்படியே விட்ருங்க."

"நாலரை நிமிஷத்துக்கு ஒரு சிம்பல்."

"ஆமாங்ணா. பாட்டுதானுங்களே."

"இந்தப் படத்துல பாட்டுதான் தம்பி கதை. அம்மா பாடுறா, வெள்ளம் வருது, பிள்ளைங்க பிரிஞ்சு போயிருது. ஒருத்தன் போலீஸ் ஆகிறான், ஒருத்தன் திருடன் ஆகிறான். கடைசியில போலீஸ் திருடனைச் சுடப் போறான். திருடன் அம்மா பாட்டைப் பாடுறான். துப்பாக்கி கீழ விழுது. அந்தப் பாட்டுக்கு அர்த்தம் போடலைன்னா, பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

அருண்ராஜ் நேர்மையாக யோசித்தான். "ஏதோ ஃபீல் ஆயிட்டாப்லன்னு நினைப்பாங்கண்ணா."

மாசிலாமணி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இன்னொண்ணு. படம் என்ன வகைன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல ஒண்ணுக்கு மேல எடுக்க மாட்டேங்குது."

"ஒண்ணுதாங்ணா எடுக்க முடியும்."

"சண்டை இருக்கு, சிரிப்பு இருக்கு, காதல் இருக்கு, தாய்ப்பாசம் இருக்கு, கடத்தல் இருக்கு. பாம்பு வந்து சாட்சி சொல்லுது."

"பாம்புங்களா?"

"கோர்ட்டுல."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "'மற்றவை'ன்னு கடைசியில ஒண்ணு இருக்கும் பாருங்ணா. அதைப் போட்ருங்க."

பாட்டு விஷயத்தை அவர் விடவில்லை. பத்து நிமிடம் பிடுங்கி எடுத்த பிறகு அருண்ராஜ் ஒரு வழி சொன்னான். கதைக்கு இன்றியமையாத பாட்டு என்றால் மட்டும் விதிவிலக்கு உண்டு. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் இரண்டு வரியில் காரணம். "ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் அதை எழுதுனதில்லைங்ணா," என்றான்.

"அனுப்புங்க," என்றார் மாசிலாமணி.

போன வருடமும் இதே போல ஒரு படம், இதே போல ஒரு விதித்தாள். அப்போது அவர் அதன்படியே நடந்தார். பாட்டையெல்லாம் விட்டுவிட்டு வசனத்துக்கு மட்டும் எழுதினார். படம் போட்ட அன்று வைதேகியையும் கூட்டிக்கொண்டு போய் எட்டாவது வரிசையில் உட்கார்ந்தார். நல்ல கூட்டம், பெரும்பாலும் தமிழ் தெரியாதவர்கள். செத்துப்போன தங்கையைக் கையில் ஏந்திக்கொண்டு நாயகன் பாட ஆரம்பித்தபோது, முதலில் பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னும் சிலர். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் பாடுகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. அந்த நாலு நிமிடமும் திரையின் அடியில் ஒன்றுமே இல்லை. படம் முடிந்ததும் ஆங்கில சப்டைட்டில் என்று போட்டு அவர் பெயர் வந்தது. வைதேகி கை தட்டினாள். அவள் கையைப் பிடித்து அவர் கீழே இறக்கினார்.

அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை கேட்கக் கூடாது. 4417-இல் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பூட்டு இருந்தால் இருக்கட்டும் என்று, தன் கணினியில் தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து ஆறு பாட்டுக்கும் எழுதினார். செவ்வாயும் புதனும் அதிலேயே போயின. கீழ்மாடியில் யாரோ வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை துளைக்கும் சத்தம். தாளம் கேட்காததால் காதில் இரண்டு இயர்ஃபோன் குமிழைச் செருகி, அதன்மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புதன்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்த வைதேகி அந்தக் கோலத்தைப் பார்த்துக் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு மூணு வருஷமா சொல்றேன். அதுக்கு ஆள் கூப்பிட நேரமில்ல. அந்த ஆத்தோரத்து வீட்டுக்கு மட்டும் மூணு நாளா அலையிறீங்க."

"ரெண்டு நிமிஷம் இரு. இந்த மழைப் பாட்டுல ஒரு வரி வந்துருச்சு."

வந்திருந்தது உண்மைதான். 'குடையை மறந்த நாளில்தான் மழைக்கு என் முகவரி தெரிந்தது' என்று நாயகி பாடும் வரி. அதை ஆங்கிலத்தில் முப்பத்தாறு எழுத்துக்குள், சொல்லின் குளிர்ச்சி போகாமல் கொண்டுவர ஒன்றரை நாள் பிடித்தது. இத்தனை வருட வேலையில் இப்படி ஐந்தாறு வரிதான் அமைந்திருக்கும். அவர் அதை ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார்.

அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, படத்தைக் காட்டுவார். எழுத்து மட்டும் கதை சொல்ல வேண்டும். அந்த ஒருவர், எட்டு வருடமாகப் பக்கத்து வீட்டு திருமதி கோ. பள்ளிக்கூட உணவுக்கடையில் நூடல்ஸ் விற்று ஓய்வுபெற்றவர், எழுபத்துநாலு வயது. வியாழன் காலை, ஒரு பொட்டலம் குவாச்சி என்கிற வறுத்த தர்பூசணி விதையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம், பாதி சந்தை மலாய்.

படம் நன்றாகத்தான் போனது. தாய் மணலில் கீறிப் பாடியபோது திருமதி கோ குவாச்சி கடிப்பதை நிறுத்தினார். வெள்ளத்தில் பிள்ளைகள் பிரிந்தபோது, "ஐயோ, பாவம் லா," என்றார். வளையல்காரனாக வேடம் போட்ட கோமாளி சந்தையில் பாடும் பாட்டில், எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரித்தார். பாம்பு கோர்ட்டுக்கு வந்ததை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார். "குட் ஸ்நேக்," என்றார். மாசிலாமணிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது.

உச்சக்கட்டம் வந்தது. கிடங்கு ஒன்றில் தம்பி குண்டடிபட்டுக் கிடக்கிறான். அண்ணன் துப்பாக்கியை நீட்டுகிறான். தம்பி தரைத் தூசியில் விரலை ஓட்டியபடி அம்மாவின் பாட்டைப் பாடுகிறான், மூச்சிரைக்க, வேகமாக. துப்பாக்கி விழுகிறது. அண்ணன் கதறுகிறான்.

திருமதி கோ திரும்பிப் பார்த்தார். "போலீஸ் ஏன் அழறான்? அவனுக்கும் குண்டு பட்டுச்சா?"

"இல்ல ஆன்ட்டி. பாட்டு. அம்மா பாடின பாட்டு."

"எந்தப் பாட்டு?"

"ஆத்தோரம் வீடு! முதல்ல மணல்ல கீறிப் பாடினாளே, அதேதான்."

திருமதி கோ இல்லையென்று தலையை ஆட்டினார். "சானா தீகா ரூமா," என்று மூன்று விரலைக் காட்டினார். "சினி சத்து ரூமா." ஒரு விரல். "லேய்ன் லா, மணி." அங்கே மூணு வீடு, இங்கே ஒரு வீடு, இது வேற லா.

மாசிலாமணி சண்டைக்குப் போனார். அதே பாட்டுதான், அதே மெட்டுதான் என்றார். மெட்டு எனக்குக் கேட்கவில்லையே, நீதானே சத்தத்தை நிறுத்தினாய் என்றார் திருமதி கோ. அப்புறம்தான் மாசிலாமணி போய் இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

முதலில் தாய் ஆற அமரப் பாடுகிறாள். வரிக்கு ஆறு விநாடி. ஆற்றோரத்தில் மூன்று வீடுகள் நிற்கின்றன, நடுவில் உள்ளது நம்முடையது என்று விரிவாக எழுதியிருந்தார். கிடங்கில் அதே வரி இரண்டரை விநாடியில் ஓடிவிடுகிறது. பதினேழால் பெருக்கினால் நாற்பத்திரண்டு எழுத்து. அதற்குள் அடங்க, ஆற்றோரம், நடுவில், நம் வீடு என்று சுருக்கியிருந்தார். கண்ணுக்கு இதமாக, விதிக்குச் சரியாக, அழகாகவே சுருக்கியிருந்தார். மூன்று போய்விட்டது. சரிபார்க்கும்போதெல்லாம் அவர் காதில் மெட்டு ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தமிழ் கேட்கிற காது செய்த தப்பு அது. அண்ணன் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டான். எழுத்தைப் படிக்கிறவன் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். இரண்டு இடம் மட்டும்கூட இல்லை. நடுவில் பிள்ளைகள் பாடும் இடம் ஒன்று, தம்பி குடித்துவிட்டுப் பாடும் இடம் ஒன்று, ஆக நான்கு. நான்கிலும் இருக்கிற நேரத்தில் ஆகக் குறைந்தது இரண்டரை விநாடி. அதற்குள் மூன்றும் வேண்டும், ஆறும் வேண்டும், நடுவும் வேண்டும்.

"நான் போறேன்," என்றார் திருமதி கோ. "நீ கோபமா இருக்கே."

"உங்க மேல இல்ல, ஆன்ட்டி."

"தெரியும். உன் மூஞ்சி அந்த மொட்டை வில்லன் மாதிரி இருக்கு."

பதினோரு மணியிலிருந்து இரண்டரைவரை அவர் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினார். நாற்பத்தெட்டு எழுத்து. நாற்பத்தைந்து. நாற்பத்தேழு, ஏனென்று தெரியவில்லை. கீழே துளைக்கிற ஆள் சாப்பாட்டுக்குக்கூடப் போவதாகக் காணோம். தாளில் எழுதிக் கசக்கிப் போட்டதில் மேசையடி வெள்ளையாகிவிட்டது. கடைசியில் சத்தத்தை நிறுத்திவிட்டு, திருமதி கோ பார்த்ததுபோலவே, மணல் காட்சியைப் பார்த்தார். தாய் கீறுகிற கட்டங்களுக்குக் கூரை இருந்தது. முக்கோணமாக மூன்று கூரை. வீடு என்று எழுத்து சொல்ல வேண்டியதில்லை. படமே சொல்லிவிடுகிறது. அவர் வீட்டைத் தூக்கிப் போட்டார். ஆற்றங்கரையில் மூன்று, நடுவில் இருப்பது நமது. ஆங்கிலத்தில் எண்ணினார். முப்பத்தொன்பது.

தாய் பாடும் இடத்தில் முதலில் எழுதிய அழகான நீள வரி போயிற்று. அது போனதில் வருத்தம் இருந்தது. நான்கு இடத்திலும் ஒரே வரியை ஒட்டி, ஓடவிட்டுப் பார்த்து, திரும்பவும் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திருமதி கோ செருப்பைக்கூட மாட்டாமல் வந்து, கடைசிக் காட்சியை மட்டும் நின்றபடியே பார்த்தார். வரி வந்தது. கையில் இருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடிக்-கா?" என்றார் மெதுவாக. தம்பியா?

"ஆமா, ஆன்ட்டி. தம்பிதான்."

மிச்சம் இருந்தது படிவம். வைதேகி வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அம்மா பாட்டுக்குக் காரணம் எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வளையல் பாட்டில் கோமாளி கிடங்குச் சாவியைத் திருடுகிறான், ஆம். திருவிழாப் பாட்டில் நாயகி, மேளக்காரர்கள் வில்லனின் ஆட்கள் என்று பாட்டாலேயே எச்சரிக்கிறாள், ஆம். கிளப் ஆட்டத்தில் ஆடுகிறவள் கப்பல் வரும் நாளைச் சொல்கிறாள், ஆம். கிடங்குப் பாட்டு, ஆம். மழைப் பாட்டு வந்ததும் கை நின்றது.

"என்ன?" என்றாள் வைதேகி.

"இதுல ஒண்ணும் நடக்கல."

"எதுல?"

"மழைப் பாட்டுல. பாட்டுக்கு முன்னாடியும் காதலிக்கிறாங்க, பாட்டுக்கு அப்புறமும் காதலிக்கிறாங்க. நடுவுல பதினோரு புடவை மாறுது."

"பதினோரு புடவை! அது கதை இல்லையா?"

அவர் சிரிக்கவில்லை. பாட்டை மறுபடி ஓடவிட்டார். கதையில் ஒரு துரும்பாவது அசைகிறதா என்று தேடினார். ஒரு கடிதம், ஒரு சாவி, தூரத்தில் ஒளிந்து பார்க்கும் ஓர் ஆள், எதுவாவது. இல்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம் சண்டை, அதற்குப் பின்னால் ஒரு சாவு. நடுவில் மனுஷன் மூச்சு விட வேண்டாமா, அதற்குத்தான் இந்தப் பாட்டு. அப்படியே எழுதினார்: பார்ப்பவர் மூச்சு விடுவதற்கு. படிவம் கேட்டது அதுவல்ல. அழித்தார்.

"எல்லாத்துக்கும் ஆம்னு போட்டு அனுப்புங்களேன்," என்றாள் வைதேகி. "யாரு உட்கார்ந்து சரிபார்க்கப் போறா?"

"ஒண்ணு பொய்னு தெரிஞ்சா அஞ்சையும் சேர்த்துத் தூக்கிப் போட்ருவாங்க."

"அப்ப இல்லைன்னு போடுங்க."

"ஒன்றரை நாள் உழைச்சிருக்கேன், வைதேகி."

அவள் உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று அழுத்தினார். அழுத்திய விரலை ஏதோ சுட்டதுபோல் உதறிக்கொண்டார்.

பூட்டைத் திறக்கும் அதிகாரம் அருண்ராஜுக்குத்தான் என்பதால், வெள்ளி காலை பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரெட்ஹில் ஸ்டேஷனில் இறங்கி நடந்தார். புக்கிட் மேராவில் பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. மின்தூக்கி ஒன்று பழுது. மற்றொன்றில் ஆறு அட்டைப்பெட்டியும் ஓர் ஆளும் இருந்ததால் படியேறியே போனார்.

அருண்ராஜ் படிவத்தைத் திரையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "என்னங்ணா, அஞ்சு ஆம், ஒரு இல்லை?"

"ஆமா."

"அந்த டூயட்டுக்கு மட்டும் ஏனுங்ணா இல்லை?"

"அதுல கதை இல்ல."

அருண்ராஜ் ஃபோனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனான். கலையரங்கில் இதைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாளிடம் ஆங்கிலத்தில் பேசினான். கதவு முழுக்க மூடவில்லை. இல்லை மேடம், எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஒன்றை அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னது கேட்டது. பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். மாசிலாமணி தட்டச்சு மேசையின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்தினார்.

அருண்ராஜ் உள்ளே வந்தான். "அஞ்சுக்கும் சரிங்கிறாங்க. பூட்டை எடுத்துர்றேன். ஆனா கோப்புல அந்த டூயட் வரிகளும் இருக்குதுங்களா?"

"இருக்கு. மறைச்சு வச்சிருக்கேன். திரையில வராது."

"மறைச்சு வச்சாலும் சிஸ்டம் பிடிச்சிருங்ணா. மொத்தக் கோப்பையும் திருப்பி அனுப்பிரும். அழிச்சுத்தான் தரணும்."

"நான்தான் அழிக்கணுமா?"

"நான் கை வச்சா தப்பா எதையாவது தூக்கிருவேனுங்ணா."

மணி பதினொன்று நாற்பது. அருண்ராஜ் பூட்டை எடுத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான். மாசிலாமணி உட்கார்ந்து, பென்டிரைவைச் செருகி, கோப்பைத் திறந்தார். மழைப் பாட்டு முப்பத்தெட்டு வரி. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழிக்கலாம். அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். குடை வரியில் கொஞ்சம் நின்றார்.

பின்னால் நின்ற அருண்ராஜ் குனிந்து திரையைப் படித்தான். "இது நல்லா இருக்குதுங்ணா," என்றான்.

"ம்," என்றார் மாசிலாமணி. அழித்தார்.

முப்பத்தெட்டும் போன பிறகு அவர் எழுந்துவிடவில்லை. கடைசிக் காட்சிக்குப் போய், சத்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டரை விநாடியை ஒருமுறை ஓடவிட்டார். பின்னுக்கு வந்து, மணலில் தாய் பாடும் இடத்தையும் ஓடவிட்டார். முப்பத்தொன்பது எழுத்து, இரண்டிலும் ஒன்றுபோல. சேமித்தார். சிவப்புக் கட்டம் வரவில்லை.

"வகைன்னு போட்ட இடத்துல 'மற்றவை'தானுங்ணா?"

"மற்றவைதான்."

பென்டிரைவைப் பிடுங்கினார். மூடியைச் சட்டைப்பையில் தேடி எடுத்து, மாட்டி, அருண்ராஜ் நீட்டிய கையில் வைத்தார்.